கரிக்குத் தீனி போட்டவர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை கரி சலித்தது. வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்க்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். அவர் மாவு தேய்க்கும் கட்டையால் கரியை நொறுக்கினார். நான் சல்லடையை ஆட்டினேன். அப்பா பேக்கரியில் ஓய்வு பெற்ற அன்று சுவர்க் கடிகாரம் தர வந்தவர்களிடம், கடிகாரம் வேண்டாம், அந்தப் பழைய சல்லடையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தது அது.

"என்ன சலிப்பு இது? கேக் மாவு மாதிரி விழ வேண்டாமா?"

"மாவாக்கினா காத்துல பறக்கும்பா. பட்டாணி அளவு போதும். மண்ணுக்குத்தானே போகுது."

"மண்ணுன்னா அவ்வளவு இளக்காரமா உனக்கு? மண்ணை வெச்சுத்தான் உனக்குச் சம்பளமே."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குத் தும்மல் வந்தது. கறுப்பாக ஒரு மேகம் எழுந்து என் முகத்தில் படிந்தது. அம்மா வாசற்படியில் நின்று இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் குழாயடியிலயே குளிச்சிட்டு வாங்க. சுவத்துல ஒரு விரல் பட்டுதுன்னா இன்னிக்குச் சோறு கிடையாது."

மறுநாள் ஆய்வகத்தில் என் காதுக்குள் கரி இருந்தது. அடுத்த வாரம் அப்பா இல்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாரடைப்பு. அதில் மேலும் சொல்ல எதுவும் இல்லை.

அன்று சலித்த கரி என் தாய்மாமாவின் தோட்டத்துக்காக. மாமா அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றே சொல்லியிருந்தார். ஆனாலும் வாங்கிக்கொள்வார் என்று அப்பா அடித்துச் சொன்னார். காரணம் இல்லாமல் இல்லை.

அப்பா பேக்கரியில் அடுப்புக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுப்பின் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். நெருப்பும் அவரை எட்டிப் பார்த்தது. இடது புருவத்தில் பாதி அதோடு போனது, திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பேக்கரியில் அவர் பெயர் அரைப்புருவம். எங்கள் தெருவிலும் அதுதான். யாராவது நிஜப் பெயர் சொல்லி வீடு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே, அப்படி யாரும் இங்கே இல்லை என்று அனுப்பிவிடுவார். எந்த விஷயத்தைக் கேட்டாலும் அந்த அரைப்புருவம் உயரும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆச்சரியப்படுவது போல இருக்கும். எதிரில் இருப்பவருக்கு, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும். வாழ்க்கையில் பாதி வாதங்களை அவர் இப்படித்தான் ஜெயித்தார்.

முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும், அம்மாவின் சமையலறையை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். தீ அதிகம், தீ குறைவு, மூடியைத் திற, திறக்காதே. ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அம்மா மாடியேறி என்னிடம் வந்தாள்.

"உங்கப்பாவுக்கு ஏதாவது வேலை கொடு. இல்லேன்னா நான் வேற அடுப்பு பார்த்துக்கிட்டுப் போயிடுவேன்."

நான் மண் பரிசோதனை ஆய்வகத்தில் இருக்கிறேன். அந்த நாட்களில் பயோசார் கலந்த மண் நிறைய வந்துகொண்டிருந்தது. வெட்டிப்போட்ட கிளை, சருகு, மரத்தூள் இவற்றைக் காற்று அதிகம் புகாமல் சுட்டு எடுக்கிற கரிக்கு அந்தப் பெயர். அதை அப்பாவிடம் சொன்னேன். புருவம் உயர்ந்தது.

"காத்தைக் கொடுத்தா சாம்பல். காத்தைக் குறைச்சா கரி. இதுக்கு நீ காலேஜுக்கு வேற போயிருக்கே."

பழைய எண்ணெய் டிரம் ஒன்று வந்தது. தெருவில் யார் மரம் வெட்டினாலும் கிளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கரி சுடுவதில் அவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. புகையின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார், சரியான நேரத்தில் தண்ணீர் ஊற்றி அணைப்பார். கையில் எடுத்தால் கரி லேசாக இருக்கும், தட்டினால் கண்ணாடி போலச் சத்தம் வரும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கரியை அப்படியே மண்ணில் போடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு கரித்துண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அவற்றில் குடியேறும். மழையில் அடித்துக்கொண்டு போகிற சத்தைக் கரி கொஞ்சம் பிடித்து வைக்கும், வேர் அதைத் தேடி வரும். ஆனால் புதுக் கரி காலி வீடு. முதலில் அதுவே சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் மக்கிய எருவோடு ஊறவைத்து, வீட்டை நிரப்பித்தான் அனுப்ப வேண்டும். இவ்வளவும் ஒரு சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். நுண்ணுயிர்.

ரொட்டி மாவில் போடுகிற ஈஸ்ட்டோடு வாழ்நாள் முழுக்கக் குடும்பம் நடத்தியவர் அவர். கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவானாலும் அதற்கு மூன்று தேவைகள்தான்: வெதுவெதுப்பு, ஈரம், சர்க்கரை. எருவாம், ஊறவைப்பதாம்! படித்தவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் காரியத்தில் இறங்கினார்.

எங்களுக்குத் தெரிந்தது வேறு. வீட்டில் சர்க்கரை டப்பா காலியாகிக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அம்மா முதலில் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றினாள். பிறகு அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். எங்கே வைத்தாலும் அளவு இறங்கியது. ஒரு நாள் அவர் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தாள்.

"என்ன வாசனைங்க இது? இனிப்பா இருக்கே."

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

அம்மா சிரிக்கவில்லை. அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். முடிவைப் பார்த்த டாக்டர் அப்பாவுக்குக் கை கொடுத்தார். இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிற நோயாளி தனக்கு வேறு கிடையாது என்றாராம். அம்மா வீடு திரும்பியதும் சர்க்கரை டப்பாவை மறுபடி அளந்து பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் திருட்டு நடக்கிறது, சாட்சி மட்டும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவர் கரியை ஊறவைத்து, கோணி போர்த்தியிருந்த தொட்டியைத் திறந்து பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கோணிக்கு மேல் அம்மாவின் பழைய கம்பளி வேறு. கரிக்குக் குளிருமாம். உள்ளே சர்க்கரை, மிச்ச மாவு, பேக்கரி நண்பர்கள் கேனில் கொடுத்தனுப்பிய பழைய பாகு. கிளறினால் நுரை வந்திருக்கிறது, புளித்த மாவு வாசனை வந்திருக்கிறது. அவருக்குப் பரம திருப்தி. சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மாமா, அம்மாவின் அண்ணன். ஊர் ஓரத்தில் வீடும் அதை ஒட்டித் தோட்டமும். காய்கறி வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார், அதுதான் பிழைப்பு. அவருக்கும் அப்பாவுக்கும் இருந்த உறவைச் சண்டை என்று சொல்ல முடியாது. சமாதானம் என்றும் சொல்ல முடியாது. அப்பா கரி மூட்டையோடு போய் இறங்கியபோது நானும் உடன் இருந்தேன்.

"என்ன மாப்ளே இது?"

"உங்க மண்ணுக்கு மருந்து, மச்சான்."

"தங்கச்சியக் கட்டிக்கொடுத்த நாள்லேருந்து கருகின ரொட்டிதான் கொண்டாந்து கொடுத்துட்டு இருந்தீங்க. இப்போ ரொட்டியையும் விட்டுட்டு வெறும் கரிய கொண்டாந்திருக்கீங்க."

இருந்தாலும் தக்காளியில் இரண்டு வரிசை கொடுத்தார். அப்பா தானே குழிக்குக் குழி கரி போட்டார். நான் வேலைக்குக் கிளம்பியபின் குழிக்கு ஒரு குவளை பாகுத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். வழிச் செலவுக்கு என்று.

சில வாரங்களில் மாமாவிடமிருந்து போன் வந்தது. அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பாராட்டு வரப்போகிறது என்று நினைப்பு.

"மாப்ளே, உங்க ரெண்டு வரிசைக்கும் மஞ்சக்காமாலை. அடி இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. பக்கத்து வரிசை இடுப்பளவு நிக்குது. உங்களுது முழங்காலைத் தாண்டல, உங்கள மாதிரியே."

அப்பா ஸ்பீக்கரை அணைக்கத் தடுமாறினார். அதற்குள் அடுத்ததும் கேட்டுவிட்டது.

"இனிமே கரின்னு ஒரு துண்டு என் தோட்டத்துக்குள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்."

அன்று அவர் அம்மாவின் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அம்மா பயந்துவிட்டாள். ஞாயிறுகளில் மாமா வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். நடந்தது அவருக்குத் தக்காளி விஷயம் கிடையாது. அடுப்பு அவரை ஒரு தடவை ஏமாற்றியது, அதற்குப் புருவத்தில் அடையாளம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கையிலிருந்து கெட்ட சரக்கு வெளியே போனதில்லை. இப்போது போயிருக்கிறது, அதுவும் மச்சான் தோட்டத்துக்கு. அந்தத் தோட்டத்துக்குள் தன் கரி ஒரு தடவையாவது திரும்பிப் போக வேண்டும், நன்றாக நடக்க வேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

நான் மாமாவின் தோட்டத்தில் இரண்டு இடத்திலும் மண் எடுத்து வந்து பார்த்தேன். பக்கத்து வரிசையில் தழைச்சத்து சரியாக இருந்தது. அப்பாவின் வரிசையில் அநேகமாக இல்லை. ஆனால் மண் செத்துப்போயிருக்கவில்லை. மண் மூச்சு விடுவதை அளக்கலாம், உள்ளே இருக்கிற உயிர்கள் வெளிவிடுகிற காற்றைப் பிடித்து. அப்பாவின் மண் ஓடிக் களைத்தவன் மாதிரி மூச்சு வாங்கியது. இவ்வளவு கூட்டத்துக்கு யாரோ விருந்து வைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் சமையலறையில் அவரைப் பிடித்தேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கரியோட என்ன கலந்தீங்கப்பா?"

"எரு."

"வேற?"

"தண்ணி."

"இனிப்பா ஏதாவது?"

புருவம் உயரவில்லை. அம்மாவின் கத்தி நின்றது. அவள் அரிசிப் பானையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியாகத் தொட்டியின் மேல் கிடந்த தன் கம்பளியைப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா. என் சர்க்கரையெல்லாம் கரிக்கா?"

"அதுங்களுக்குப் பசிக்காதா?" என்றார் அப்பா.

"எனக்கு டீக்குப் போட அரை ஸ்பூன் மிச்சம் வெச்சீங்களா நீங்க?"

அம்மா சத்தம் போட்டாளே தவிர, அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவர் தின்றிருக்கவில்லை.

நான் மேஜையில் உட்கார்ந்து விளக்கினேன். சர்க்கரை கிடைத்ததும் நுண்ணுயிர்கள் பெருகும், அது உண்மைதான். ஆனால் புது உடம்பு கட்ட அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும். சர்க்கரையில் அது இல்லை. அதனால் மண்ணில் இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டன. செடிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவை செத்து மக்கும்போது திரும்பக் கொடுக்கும், ஆனால் தக்காளி அதுவரை காத்திருக்காது.

"அப்போ அதுங்களுக்கு யார்தான் சாப்பாடு போடுறது?"

"வேர் போடும்பா. வேர் நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரை கசியும். தனக்கு வேண்டிய உயிரை மட்டும் பக்கத்துல சேர்த்துக்கும். அதுங்க பதிலுக்குச் சத்தைக் கரைச்சுக் கொடுக்கும். பூஞ்சை நூல் மாதிரி கரிக்குள்ள ஓடி, வேருக்கு எட்டாததை எடுத்துட்டு வரும். நீங்க மொத்தமா கொட்டினதும் அந்தக் கணக்கு கெட்டுப்போச்சு."

அரைப்புருவம் மெல்ல உயர்ந்தது.

"அப்போ வேரும் பேக்கரிதான்."

"அப்படியும் சொல்லலாம்."

"ஒரு தெருவுல ரெண்டு பேக்கரி நடத்தினது என் தப்பு."

அடுத்த தொட்டியில் கரி, மக்கிய எரு, தண்ணீர். வேறு எதுவும் இல்லை. அம்மா சர்க்கரை டப்பாவை மறுபடி அடுப்படியிலேயே வைத்தாள், ஆனால் அப்பா பின்பக்கம் போகும்போதெல்லாம் கையைக் காட்டச் சொன்னாள். கம்பளியும் வீட்டுக்குள் வந்தது. நுரை இல்லை, பொங்குதல் இல்லை, வாசனை வெறும் ஈரமண் வாசனை. அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. "ஒண்ணும் நடக்கலையே, ஒண்ணும் நடக்கலையே" என்று மாதக்கணக்கில் புலம்பினார். நடக்கிறது, உங்களிடம் சொல்லிவிட்டு நடக்காது என்றேன்.

பிறகு மாமாவிடம் போனார். போகும் முன் சட்டையை இரண்டு தடவை மாற்றினார். நான் ஓட்டுநராக மட்டும் போனேன். மாமா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"சர்க்கரை போட்டுட்டேன், மச்சான்."

"எதுல?"

"கரியில. பாகும். கொஞ்சம் மாவும்."

மாமா நிமிர்ந்தார். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தது எனக்கு முதலில் தெரியவில்லை, இருமுகிறார் என்று நினைத்தேன். குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திண்டில் உட்கார்ந்து சிரித்தார். உள்ளேயிருந்து அத்தை ஓடிவந்து என்ன என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை... என் தோட்டத்துல... கேக் செஞ்சிருக்காரு..."

அப்பா அசையாமல் நின்றார். இந்தச் சிரிப்பு முடியாமல் அடுத்த வார்த்தை பேச முடியாது என்று அவருக்குத் தெரியும். அடுப்பு ஆறக் காத்திருக்கிற பொறுமை அது.

"ஒரு வரிசை," என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரே வரிசை. கத்தரிக்காய். அந்த ஓரத்துல, யார் கண்ணுலயும் படாத இடத்துல. எறும்பு வந்துதுன்னா உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுவேன்."

எறும்பு வரவில்லை. கத்தரி எழுந்தது. அப்பா தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போனார். இலைகள் பக்கத்து வரிசையைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறம். கொஞ்சம்தான். ஒரு வரிசையை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று நான் சொன்னேன். என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எதையும் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

"என் தண்ணி, என் எரு, என் கை. உங்க கரி ஓரமா சும்மா உட்கார்ந்திருக்கு, பொண்ணு வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி."

"இலையை விடுங்க மச்சான். வேரைப் பார்க்கலாம். ஒரு செடியைத் தோண்டி எடுப்போம்."

"காய்க்கிற செடியையா? மனசு வருமா உங்களுக்கு?"

பேரம் நடந்தது. முதல் பறிப்பு முடிந்ததும் அப்பா வந்து ஒரு செடியைத் தோண்டலாம். தன் கையால், வேர் அறாமல். வேர் கரித்துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அதற்குள் மெல்லிய வேர்த்தூவிகளை விட்டிருந்தால், அடுத்த நடவுக்குத் தோட்டம் முழுக்கக் கரி. வேர் கரியை ஒதுக்கிவிட்டுப் போயிருந்தால், அப்பா டிரம்மைத் தண்ணீர் பிடிக்கக் கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுக்கத் தோட்டம் பற்றி மாமாவிடம் வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைக் கேட்டு அத்தை, அது நடக்கிற காரியமா என்றாள்.

அப்பா வரிசை முழுக்க நடந்து பார்த்து, நடுவில் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. பெரியதை எடுத்தால் மச்சான் சொல்லிக் காட்டுவார். அதன் தண்டில் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் அடுத்த நடவுக்கான கரியைச் சலிக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

அப்பாவைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு மாமா மட்டும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் போய், டிரம்மின் விளிம்பில் கை வைத்து நின்றிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தோத்துடுவோம்னு பயந்துட்டாரு உங்கப்பா," என்றார். "அதான் போயிட்டாரு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் பறிப்பு முடிந்து இப்போது மூன்றாவதும் முடிந்துவிட்டது. அந்த ஒரு செடியில் மட்டும் மாமா கை வைக்கவில்லை, யாரையும் வைக்க விடவில்லை. காய்கள் முற்றித் தோல் தடித்து விதையாகிக்கொண்டிருக்கின்றன. அடுத்த நடவுக்கு மண்ணைக் கொத்த வேண்டும், நாள் நெருங்குகிறது. சென்ற ஞாயிறு அம்மாவும் நானும் போயிருந்தோம். கையில் சிறிய மண்வெட்டி கொண்டுபோனேன்.

"நான் எடுக்கட்டுமா மாமா?"

"நீ லேப்புக்காரி. கரி கட்சி. உன்னை எப்படி நம்புறது?"

"அப்போ நீங்களே எடுங்க."

"நான் எதிர்க் கட்சி. நான் தோண்டினா வேரை அறுத்துட்டேன்னு சொல்லுவாரு."

அம்மா இருவரையும் பார்த்தாள். குனிந்து, செடியின் அடியில் உதிர்ந்து கிடந்த பழுத்த இலைகளைப் பொறுக்கினாள். கைக்குட்டை முடிச்சு நெகிழ்ந்திருந்தது, அதை இறுக்கினாள்.

"அவர்தானே தோண்டுறேன்னாரு," என்றாள்.

மாமா செடிக்குத் தண்ணீர் விட்டார். மண்வெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன். இன்னும் தோண்டவில்லை.